திறக்காத கதவுகளின் மனநிறைவு

போர்க்காலத்தில், நாடு நன்றாக இருக்கிறதா என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்பதற்காக, அரசாங்கம் தேசிய மனநிறைவுக் கணிப்பீட்டுத் திணைக்களம் என்று ஒன்றைத் தொடங்கியது. பொரளையில், கனத்தை மயானத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு நாலுமாடிக் கட்டடம் அதற்குக் கிடைத்தது. மேல்மாடி ஜன்னலில் நின்றால் மயானம் முழுவதும் தெரியும். அங்கே இருப்பவர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. ஆனால் அவர்களிடம் போய்க் கேட்கும்படி சுற்றறிக்கை எதுவும் வராததால் திணைக்களத்துக்கு அது ஒரு தலையிடியாக இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் கேட்கும்படி சுற்றறிக்கை வந்திருந்தது. வினாத்தாளின் பதினான்காவது கேள்வி இது: "உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும்போது உங்களுக்குப் பயம் ஏற்படுகிறதா?" உத்தியோகத்தர் கதவை மூன்று தரம் பலமாகத் தட்டவேண்டும். திறந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். நாடு முழுவதும் இப்படியே கேட்டார்கள். கதவைத் திறந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கதவு தட்டப்படுவதில் பயம் இருக்கவில்லை. திணைக்களம் மிகவும் மகிழ்ந்தது.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில், அந்த ஆண்டுகளில், தெரிந்தவர்கள் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளிக் கேற்றடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மீன்காரர் கூவுவார். காஸ் கொண்டுவருகிறவர் சிலிண்டரில் சாவியால் அடிப்பார். பேசாமல் உள்ளே வந்து கதவைத் தட்டுகிறவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே தட்டுகிற சத்தம் கேட்டால் றேடியோ நிற்கும், மின்சாரக் காற்றாடி நிற்கும், தாளித்துக்கொண்டிருந்தால் அடுப்பும் அணையும். வீட்டில் ஆள் இல்லாததுபோல் இருப்பதில் எங்கள் சனங்கள் அப்போது நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

அப்படியிருந்தும் அங்கே ஒரு கதவு திறந்துவிட்டது. அது சிவபாதசுந்தரத்தின் கதவு.

சிவபாதசுந்தரம் ரயில்வேயில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு மனைவி இல்லை, சொந்தப் பல் இல்லை, எதிரிகளும் இல்லை. ஒரு பெரிய வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இருந்தார். அவரோடு கொஞ்சக் காலமாக மருமகன் ஒருவன் இருந்தான். தங்கையின் மகன், யோகநாதன் என்று பெயர், இருபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவன். "அண்ணை, என்னட்டை மிச்சம் இவன் ஒருத்தன்தான், பாத்துக்கொள்" என்று தங்கை சொல்லியனுப்பியிருந்தாள். புதிதாக வந்து தங்கும் தமிழரைப் பொலிஸில் பதியவேண்டும். பதிவதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் இருந்தார். ஆகவே யோகநாதன் பதியப்படாமல் இருந்தான். யாராவது வந்தால் குளியலறைக்குள் போய் நின்றான்.

திணைக்களத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் கிளெமென்ற் கொட்டாஞ்சேனைக்காரர். தகப்பன் துறைமுகத்தில் வேலைபார்த்தவர். கிளெமென்ற் காலையிலிருந்து வெள்ளவத்தைக் கதவுகளைத் தட்டி விரல்மொளி வீங்கிப்போய், ஒரு மிடறு தண்ணீர்கூடக் கிடைக்காமல் அந்த அனெக்ஸுக்கு வந்து சேர்ந்தபோது சுற்றறிக்கையை மறந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் தன் மாமன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்று, "அண்ணை, வீட்டில இருக்கிறியளோ?" என்று கூப்பிட்டார்.

கூப்பிட்டால் திறக்கவேண்டியதுதானே. சிவபாதசுந்தரம் திறந்தார். திறந்தபிறகுதான் வந்தவரின் கழுத்தில் அரசாங்க அட்டை தொங்குவதைக் கண்டார்.

"வீட்டில எத்தினை பேர் அண்ணை?"

குளியலறையில் வாளி ஒன்று விழுந்தது.

"நான் தனியத்தான். அது பூனை."

"பூனையைப் போடத் தேவையில்லை. வயசு?"

"அறுபத்தாறு."

"பல்லு எப்பிடி? சுகாதாரப் பகுதியில கேட்டிருக்கு."

"கட்டின பல்லு."

"குறைபாடுகள், முறைப்பாடுகள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. எல்லாம் நல்லாயிருக்கு."

அரசாங்க அட்டை தொங்கவிட்டவர் யார் எதைக் கேட்டாலும் வெள்ளவத்தையில் சொல்லப்படும் பதில் அதுதான். கடைசியாகப் பதினான்காவது கேள்வி வந்தது. சிவபாதசுந்தரம் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கென்ன பயம்?" என்று கேட்டார். கிளெமென்ற் 'பயம் இல்லை' என்று எழுதி, வெறுந்தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

பொரளையில் கூட்டம் கூடியது. திணைக்களத்தின் பணிப்பாளர் கலாநிதி கதிர்காமநாதன் தலைமை தாங்கினார். யாழ்ப்பாணத்துப் பெயரை வைத்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் வாழும் கொழும்பு ஏழில் குடியிருக்கும் கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால் எந்த அமைச்சர் வந்தாலும் அந்த அமைச்சருக்கு ஏற்ற விஞ்ஞானத்தை அவர் கையோடு வைத்திருந்தார். வெள்ளவத்தையில் ஒரேயொரு கதவுதான் திறந்தது என்ற செய்தி மேசைக்கு வந்தபோது, புவாத் என்ற இளம் புள்ளிவிபரவியலாளர் எழுந்தார். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அண்மையில்தான் வந்தவர். படித்ததை இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

"சேர், தாள் மழையில நனைஞ்சு பதில் அழிஞ்சா அது தற்செயல். இது அப்பிடி இல்ல. நாங்க எதைக் கேக்கிறமோ அதுதான் கதவைப் பூட்டி வச்சிருக்கு. பயந்தவங்க திறக்கமாட்டாங்க. திறந்தவங்களை மட்டும் எண்ணினா நாட்டில பயமே இல்லைன்னுதான் வரும்."

"மிஸ்டர் புவாத்," என்றார் பணிப்பாளர், "இந்த நாட்டிலே கதவுகள் திறக்கப்படாமலிருப்பது தற்செயல். அதுதான் திணைக்களத்தின் கொள்கை. காரணத்தோடுதான் திறக்கவில்லை என்று நாங்கள் எழுதினால், என்ன காரணம் என்று அமைச்சர் கேட்பார். காரணத்தைச் சொன்னால் அது அரசியல். நாங்கள் விஞ்ஞானிகள். காரணங்களில் தலையிடக்கூடாது."

புவாத் விடவில்லை. திறக்காத வீடுகளில் பயம் எவ்வளவு கூடுதலாக இருக்கும் என்று ஓர் அளவை ஊகித்து வைப்போம், அந்த அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் எங்கள் முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும் என்றார். கூட்டம் இதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அளவைத் தீர்மானிக்க ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. உபகுழு மதிய உணவுக்குப்பின் கூடி, வட்டிலப்பம் சாப்பிட்டு, அளவைப் பூச்சியம் என்று தீர்மானித்தது. கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். பூச்சியத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் முடிவு ஆடவேயில்லை. விஞ்ஞானத்தின் உறுதியை எண்ணி எல்லோரும் வியந்தார்கள்.

அப்படியானால் கதவு ஏன் திறக்கவில்லை என்பதற்காவது ஒரு கணித மாதிரியைக் கட்டுவோம் என்று புவாத் மன்றாடினார். அதற்கும் அனுமதி கிடைத்தது. நித்திரை, கோயிலுக்குப் போதல், குளித்தல் என்ற மூன்று காரணங்களை மட்டும் பாவிக்கலாம் என்று சொன்னார்கள். காலை பத்து மணிக்கு யாரும் நித்திரை கொள்வதில்லை. அன்று கோயிலில் விசேஷமும் இல்லை. எஞ்சியது குளித்தல். வெள்ளவத்தை முழுவதும் ஒரே நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தது என்ற முடிவு அச்சில் வந்தது. கொஞ்ச நாளில் நகரத்துக்குத் தண்ணீர் தருகிற காரியாலயத்திலிருந்து, குளிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளவத்தைக்கு எச்சரிக்கை வந்தது.

கடைசியில் பணிப்பாளர் தானே ஒரு வழி சொன்னார். திறக்காத ஒவ்வொரு வீட்டுக்கும், கிட்டடியில் திறந்த வீட்டின் பதிலை அப்படியே எழுதிவிடுவது. "அயலவர் அயலவரைப் போலத்தானே இருப்பார்கள்?" என்றார். வெள்ளவத்தையில் கடற்கரையிலிருந்து கால்வாய் வரைக்கும் கிட்டடியில் திறந்த வீடு ஒன்றே ஒன்றுதான். இப்படியாகச் சிவபாதசுந்தரம் வெள்ளவத்தை முழுவதும் ஆனார்.

அவருக்கு அது தெரியாது. முதலில் வந்தது பல் கழுவும் பவுடர். கட்டுப்பல்லுக்கென்று தனியாகச் செய்த பவுடர் டின்களைச் சுகாதாரப் பகுதி லொறியில் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கேற்றடியில் வைத்துவிட்டுப் போனது. முன்வீட்டுச் சிவமணி தன் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் கேற்றடியில் நின்று, "சிவபாதண்ணை!" என்று கூப்பிட்டாள். சிவமணி புருஷனை இழந்தவள். ஒரே மகன் வரதராசா காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலைபார்த்தான்.

"அண்ணை, எனக்கு முப்பத்திரண்டு பல்லும் கல்லுமாதிரி இருக்கு. உங்கடை பல்லுக்கு நான் ஏன் பவுடர் வாங்கவேணும்?"

சிரித்தார்கள். அப்போது சிரிக்கக்கூடியதாக இருந்தது. அடுத்த மாதம் பிள்ளைகளுக்கான பால்மா நின்றது. கேட்டதற்கு, வெள்ளவத்தையில் பிள்ளைகள் இல்லை என்று பதில் வந்தது. கிளினிக்குக்குப் போன பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியிடம், அவளுடைய பகுதியில் எல்லோரும் அறுபத்தாறு வயதுத் தனிக்கட்டை ஆண்கள் என்று சொல்லி, ஒரு வைத்தியர் மிகுந்த அக்கறையோடு வயிற்றில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்.

பிறகு அறிக்கை பாதுகாப்புத் தரப்பின் மேசைக்குப் போனது. அங்கே அதைக் கருத்தூன்றி வாசித்தார்கள். வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் வயதான ஆண் ஒருவர் தனியாக வாழ்கிறார். அப்படியென்றால் காலி வீதியில் பாணுக்கும் பஸ்ஸுக்கும் நிற்கிற இந்த இளைஞர்கள் யார்? வெள்ளவத்தையைச் சேர்ந்தவர்களாக இருக்க முடியாது. வேறெங்கிருந்தோ ஊடுருவியவர்கள். ஒரு காலையில் ஒழுங்கைகளின் இரு முனைகளையும் அடைத்து, இளைஞர்களாக இருந்த எல்லோரையும் பஸ்களில் ஏற்றினார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப்போன யோகநாதனும், கடை திறக்கப்போன வரதராசாவும் அதில் போனார்கள்.

சிவபாதசுந்தரமும் சிவமணியும் பொலிஸுக்கு ஓடினார்கள். பொறுப்பதிகாரி கெட்டவர் அல்ல. இருவரையும் கதிரையில் இருத்தி, அறிக்கையைத் திறந்து, உடைந்த தமிழில் விளக்கினார்.

"இங்க பாருங்க. உங்க வீட்டில ஒரு ஆள். நீங்க. இந்த அம்மா வீட்டிலயும் ஒரு ஆள்." அவர் கொஞ்சம் தயங்கி, சிவமணியை ஏறிட்டுப் பார்த்தார். "அதுவும் நீங்கதான். அப்ப மகன் எங்கிருந்து வந்தது?"

"நான் பெத்தனான்," என்றாள் சிவமணி.

"அப்படி இதில இல்ல. திணைக்களம் ரெண்டு பேர்னு எழுதித் தரட்டும். நாங்க விடுறது."

வீட்டுக்குப் போகும் வழியில்தான் சிவபாதசுந்தரத்துக்கு எல்லாம் விளங்கியது. மருமகனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன ஒரு சொல் அவனையே பிடித்துக் கொடுத்துவிட்டது. அவனை மட்டுமா? தங்கைக்கு என்ன முகத்தோடு சொல்வது? பக்கத்தில் நடந்துவந்த சிவமணிக்கு என்ன சொல்வது? அவர் நடந்ததை நடுவீதியிலேயே அவளிடம் சொல்லி அழுதார். சிவமணி அவரை வீதியோரத்துக்கு இழுத்து நிறுத்தினாள். பிறகு, "நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்," என்றாள். "வாங்கோ, போய் மாத்துவம்."

பம்பலப்பிட்டியில் பஸ் மாறிப் பொரளைக்குப் போனார்கள். பணிப்பாளர் கதிர்காமநாதன் எழுந்து நின்று வரவேற்றார். சிவபாதசுந்தரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மிஸ்டர் சிவபாதசுந்தரம்! உங்களைச் சந்திக்கவேண்டும் என்று எவ்வளவு நாள் ஆசை. இந்தத் திணைக்களமே உங்கள்மேல்தான் நிற்கிறது."

"ஐயா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். நான் தனிய இல்லை. என்ரை மருமகனும் இருந்தவன். பயமும் இருக்கு. சரியான பயம். பொய் சொன்னனான் ஐயா."

"பொய் என்று சொல்லாதீர்கள். அது இப்போது தேசியத் தரவு." பணிப்பாளரின் குரலில் கண்டிப்பு இருந்தது. "உங்கள் பதில் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. உங்களுக்குப் பயம் வந்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நாளில் பயம் வரும். பீதியை உண்டாக்குவது இந்த நாட்டிலே குற்றம்."

சிவமணி முன்னால் வந்தாள். "ஐயா, நான் கதவைத் திறக்கேல்லை. ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. என்ரை பதிலை நீங்கள் எப்பிடி எழுதினீங்கள்?"

"அம்மா, உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்றுதான் நாங்களே எழுதினோம்."

"என்ரை பிள்ளை பிறந்ததே இல்லையெண்டு எழுதியிருக்கிறியள்."

"குறிப்பாக உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் சராசரிகளோடு மட்டும்தான் பழகுகிறோம். ஒரு தாயின் துயரத்துக்கு எங்களிடம் நிரல் இல்லை. இருந்திருந்தால் நிச்சயமாக நிரப்பியிருப்போம்." பணிப்பாளர் மணியை அடித்தார். "அடுத்த சுற்று விரைவில் வரும். அப்போது கதவைத் திறந்து சொல்லுங்கள்."

இந்த வார்த்தையை இருவரும் நம்பினார்கள். ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், ஒவ்வொரு கேற்றடியிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்த முறை தட்டினால் திறவுங்கோ, உள்ளதைச் சொல்லுங்கோ என்று கெஞ்சினார்கள். சனம் முதலில் மறுத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் முதலில் சம்மதித்தன. மற்றவை பின்னால் வந்தன. உத்தியோகத்தர்கள் வந்த நாளில் வெள்ளவத்தையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பயம் என்றார்கள். தட்டும்போது பயம், தட்டாதபோதும் பயம் என்றார்கள். எத்தனை பேர் இருந்தோம், இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று சொன்னார்கள். சொல்லச் சொல்லச் சிலருக்கு நெஞ்சு லேசானது.

சிவபாதசுந்தரத்தின் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. கதவை விரியத் திறந்துவைத்து, வாசலில் கதிரை போட்டு இருந்தவர், கேற்றைத் தாண்டிப் போன கிளெமென்றைக் கூப்பிட்டார்.

"உங்களைக் கேக்கத் தேவையில்லையாம் அண்ணை," என்று கிளெமென்ற் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "போன முறை சொன்னதையே இந்த முறைக்கும் கொண்டுவாறம். நம்பகமான பதிலாம்."

பொரளையில் மறுபடி கூட்டம் கூடியது. பணிப்பாளர் கவலையோடு பேசினார். "ஒரே பகுதியில், ஒரே நாளில், இத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன. இது தற்செயலாக நடக்க முடியாது. இதன் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தோடு திறந்த கதவை எந்த விஞ்ஞானியும் ஏற்கமாட்டான்." திறந்த வீடுகளின் பதில்கள் எல்லாம் அகற்றப்பட்டன. அகற்றியதால் வெறுமையான இடங்களுக்குச் சிவபாதசுந்தரத்தின் பழைய பதில் எழுதப்பட்டது. புவாத் எழுந்து, ஜன்னல் வழியாக மயானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அமர்ந்தார். கொஞ்ச நாளில் வேறு நாடொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது.

ஆனால் வெள்ளவத்தை தந்த அதிர்ச்சியால் திணைக்களத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லோரும் பதில் சொல்லக்கூடிய, கதவுத் தொந்தரவே இல்லாத ஓர் இடம் வேண்டும். தெற்கே இருந்த ஒரு தடுப்பு முகாமைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே கதவுகள் வெளியிலிருந்து திறக்கப்பட்டன. நூற்றுக்கு நூறு பேர் பதில் சொன்னார்கள். திணைக்களம் தன் வாழ்நாளில் கண்டிராத தரம்.

அங்கே போய்வந்த கிளெமென்ற், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. கேற்றடியில் நின்று கூப்பிட்டார். சிவமணியும் ஓடிவந்தாள்.

"அண்ணை, உங்கட மருமகனைக் கண்டனான். விலாசம் கேக்க உங்கட அனெக்ஸைச் சொன்னான். மெலிஞ்சு போனான், ஆனா ஆள் இருக்கிறான். பதினாலாம் கேள்வியைக் கேட்டன். 'இஞ்சை ஆர் அண்ணை தட்டுறது? நேரை திறக்கிறாங்கள்' எண்டான். அதைப் 'பயம் இல்லை'யெண்டு போடச் சொன்னாங்கள். வீட்டில எத்தினை பேரெண்டு கேட்டன். 'ரெண்டு பேர், நானும் மாமாவும்' எண்டு சொன்னான்."

சிவபாதசுந்தரம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கிளெமென்ற் சிவமணியின் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார்.

"வரதராசாவின்ரை பாய் பக்கத்திலதான் கிடந்தது அக்கா. ஆனா அண்டைக்கு ஆள் இல்லை. விசாரிக்கவெண்டு வேறை இடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்களாம். எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவர்ரை தாளை வெறுமையா விடக்கூடாதெண்டு... பக்கத்துப் பாயைப் பாத்து எழுதச் சொன்னாங்கள்."

சிவமணி கேற்றின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

திணைக்களத்தில் இப்போது ஒரே வீட்டுக்கு இரண்டு பதில்கள் இருந்தன. மாமன் ஒருவர் என்கிறார், மருமகன் இரண்டு பேர் என்கிறான். முகாமின் பதில்கள் முழுமையானவை, ஆகவே உயர்ந்தவை. விதிப்படி மாமனின் பதில் திருத்தப்பட்டது: வீட்டில் முதியவர் ஒருவர், முகாமில் இளைஞர் ஒருவர். விதிப்படியே அது வெள்ளவத்தையின் எல்லா வீடுகளுக்கும் எழுதப்பட்டது. இப்படியாக, வீட்டுக்கு ஓர் இளைஞன் முகாமில் இருக்கிறான் என்று அரசாங்கத்தின் அறிக்கையே சொல்லியது. திணைக்களம் தொடங்கிய நாளிலிருந்து அது உண்மைக்கு இவ்வளவு கிட்டப் போனதில்லை.

அமைச்சர் தொலைபேசியில் கத்தினார். வெளிநாட்டுத் தூதுவர்கள் கையில் அறிக்கை கிடைப்பதற்குள் இத்தனை ஆயிரம் இளைஞர்களையும் வீட்டுக்கு அனுப்பியாகவேண்டும் என்றார். பணிப்பாளர் பதறவில்லை. "சேர், ஆயிரக்கணக்கில் விடத் தேவையில்லை. ஒருவனை விட்டால் போதும்," என்றார். "மற்றவர்கள் எல்லோரும் அவனுடைய பிரதிகள்."

யோகநாதன் ஒரு பின்னேரம் திணைக்களத்தின் வாகனத்திலேயே வந்து இறங்கினான். பணிப்பாளரும் கூடவே வந்தார். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வீட்டில் முதியவர் ஒருவர், இளைஞர் ஒருவர், மனநிறைவு பூரணம் என்று புதிய தாளில் சிவபாதசுந்தரத்திடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவரை ஓரமாகக் கூட்டிப்போய், தோளில் கை போட்டு, அன்பாகச் சொன்னார்.

"இனி இந்தப் பதிலை மாற்றச் சொல்லி வராதீர்கள். ஒரு வீட்டிலேயாவது பிள்ளை திரும்பவில்லை என்று நீங்கள் சொன்னால், இந்தத் தாள் பிழையாகிவிடும். தாள் பிழையென்றால் உங்கள் மருமகனும் பழைய இடத்தில் இருக்கவேண்டியவன். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை. கணக்கு ஒத்துவரவேண்டும், அவ்வளவுதான்."

சிவமணி அன்று வந்து யோகநாதனின் தலையைத் தடவிப் பார்த்தாள். அவனுக்கென்று இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்குப் பொலிஸுக்குப் போறன் அண்ணை. இவன் வந்திட்டானெண்டால் அவனும் வருவான்தானே," என்று சொல்லிப் போனாள்.

மறுநாள் பொறுப்பதிகாரி அவளைக் கதிரையில் இருத்தி, புதிய அறிக்கையைத் திறந்தார். "அம்மா, உங்க மகன் வந்தாச்சு," என்றார். அவருக்கும் அதில் சந்தோஷம் இருந்தது. "இங்க பாருங்க. ஒரு முதியவர், ஒரு இளைஞர். எல்லா வீட்டுக்கும் வந்தாச்சு. வீட்டில போய்ப் பாருங்க." அவள் வீட்டில் போய்ப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து ஒழுங்கையைக் கடந்தாள்.

சிவபாதசுந்தரம் ஜன்னல் சீலை இடுக்கால் அவளைக் கண்டார். என்ன கேட்க வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். என்னோடு பொரளைக்கு வாங்கோ, உங்கடை பிள்ளை மட்டும்தான் வந்தவன் எண்டு அந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ என்பாள். அவள் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. அவர் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. சிவமணி வழக்கம்போல் கேற்றடிக்கு வந்து நிற்கும் காலடிச் சத்தம் கேட்டது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கேற்றைத் திறந்து உள்ளே வந்து, கதவைத் தட்டினாள்.

யோகநாதன் குளியலறைப் பக்கம் ஓடப்போனான். சிவபாதசுந்தரம் அவனுடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். மற்றக் கையால் காற்றாடியை நிறுத்தினார். சிவமணி மறுபடி தட்டினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறக்கவில்லை. திணைக்களத்தின் கொள்கைப்படி, அது தற்செயல்.